உணர்வுக் கல்வியும் பள்ளி அமைப்பும்: ஒரு விமர்சன நோக்கு

பள்ளிக்கூடம் அறிவைப் புகட்டும் இடம் மட்டுமன்று. பிள்ளை தன் உணர்வுகளை அறிந்து ஆளவும், பிறரோடு இசைந்து வாழவும் பழகும் இடமுமாகும். இக்கொள்கை இன்று கல்வியுலகிற் பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்டுள்ளது. 'சமூக, உணர்வுசார் கற்றல்' என்ற பெயரில் அதனைப் பரப்புதற்கென 1994இல் ஐக்கிய அமெரிக்காவில் ஓர் அமைப்புத் தோன்றியது. மறு ஆண்டு வெளிவந்த டானியல் கோல்மனின் உணர்வுசார் நுண்மதி பற்றிய நூல் அதனைப் பொதுமக்களிடமும் கொண்டுசென்றது. எனினும், இவ்வாறு செல்வாக்குப் பெற்ற போக்கிலேயே அக்கொள்கை தன் உயிர்நிலையான அம்சமொன்றை நழுவவிட்டதா என்பது ஆராயத்தக்கது.

இத்துறையின் முன்னோடி முயற்சிகளுள் ஒன்று 1968இல் கனெற்றிகட் மாநிலத்து நியூஹேவன் நகரில் ஆரம்பமாயிற்று. யேல் பல்கலைக்கழகக் குழந்தை ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த உளமருத்துவர் ஜேம்ஸ் கோமரும் அவர்தம் குழுவினரும் அந்நகரின் இரு ஆரம்பப் பள்ளிகளிற் பணி தொடங்கினர். அங்குப் பயின்றோர் பெரும்பாலும் வறிய கறுப்பின மக்களின் பிள்ளைகள். அடைவு மட்டத்தில் அப்பள்ளிகள் நகரின் கடைநிலையில் இருந்தன. ஆசிரியரும் பெற்றோரும் ஒருவரையொருவர் ஐயுற்றனர்.

கோமர் பிள்ளைகளுக்குப் புதிய பாடமொன்றை வகுப்பதில் தொடங்கவில்லை. வளர்ந்தோரிடையே நிலவிய உறவை மாற்றுவதில் தொடங்கினார். அதிபர், ஆசிரியர், பெற்றோர், ஏனைய ஊழியர் ஆகியோரின் பிரதிநிதிகள் ஒருங்கே அமர்ந்து பள்ளியை நெறிப்படுத்தும் குழு அமைந்தது. குற்றவாளியைத் தேடாது தீர்வைத் தேடுதல் அதன் விதிகளுள் ஒன்றாயிற்று.

1988இல் கோமர் வெளியிட்ட கட்டுரையொன்றிற் கூறப்படும் நிகழ்ச்சி இதனை நன்கு விளக்கும். தென்பகுதிக் கிராமமொன்றிலிருந்து வந்த எட்டு வயதுச் சிறுவன் நடுத்தவணையில் வகுப்பறைக்கு அழைத்துவரப்பட்டான். ஆசிரியரின் முகத்திற் சலிப்புத் தெரிந்தது. அச்சமுற்ற சிறுவன் அவரது காலில் உதைத்துவிட்டு வெளியே ஓடினான். வழமையான பள்ளியில் இது தண்டனையோடு முடிந்திருக்கும். இங்கோ, முன்பின் அறியாதோர் நடுவே விடப்பட்ட பிள்ளையின் நிலையிலிருந்து அச்செயல் நோக்கப்பட்டது. புதிதாக வரும் மாணவரை வரவேற்றுப் பழக்கும் ஒழுங்கொன்றும் அதன் பயனாக உருவாயிற்று. பிள்ளையைத் திருத்த முற்படுமுன் பள்ளி தன்னைத் திருத்திக்கொண்டது என்பதே இங்கு மனங்கொள்ளத்தக்கது.

பிற்காலத்தில் அழுத்தம் இடம்பெயர்ந்தது. தன்னையறிதல், தன்னையாளல், பிறரையறிதல், உறவுத் திறன், பொறுப்புடன் முடிவெடுத்தல் என ஐந்து தேர்ச்சிகள் வகுக்கப்பட்டன. பாடங்களும் ஆசிரியர் கைந்நூல்களும் அளவுகோல்களும் பெருகின. இவை பயனற்றன என்று கூறுதல் நேர்மையாகாது. 213 செயற்றிட்டங்களையும் இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்ட மாணவரையும் உள்ளடக்கி 2011இல் வெளிவந்த தொகுப்பாய்வு, நடத்தையில் மட்டுமன்றிப் பாட அடைவிலும் முன்னேற்றம் கண்டது. ஆயினும், இங்கிலாந்தின் இடைநிலைப் பள்ளிகளில் 2007 முதல் விரிவாக்கப்பட்ட இத்தகைய திட்டம் பற்றிய 2010ஆம் ஆண்டு மதிப்பீடு, மாணவரின் உணர்வுத் திறனிலோ நடத்தையிலோ குறிப்பிடத்தக்க மாற்றத்தைக் காணவில்லை. பெயரளவில் ஒன்றான திட்டம் பள்ளிக்குப் பள்ளி வெவ்வேறாக நடைபெற்றதும் அதிற் சுட்டப்பட்டது.

தேர்ச்சிகளாக வகுக்கும்போது உணர்வு தனிமனிதனின் உடைமையாகிவிடுகின்றது. கோபம் கொள்ளும் பிள்ளைக்குக் கோபத்தை அடக்கும் உத்தி கற்பிக்கப்படுகின்றது. அக்கோபத்துக்கு நியாயம் உண்டா என்ற வினா எழுவதில்லை. வறுமையும் நிறவேற்றுமையும் புறக்கணிப்பும் விளைத்த துயர், பிள்ளையின் திறன்குறைவாகப் பதியப்படுகின்றது. பணிவைப் பண்பென மயங்கும் அபாயமும் இதிலுண்டு.

கோமரின் முயற்சியும் குறையற்றதன்று. அது பள்ளியின் உள்ளுறவுகளை மாற்றியதேயன்றி, அப்பிள்ளைகளின் வீட்டு வறுமையை மாற்றவில்லை. மாற்ற அதனால் இயலவும் இயலாது. ஆயின், பிள்ளையின் உணர்வுக்குப் பள்ளியும் பொறுப்பாளி என்பதை அது ஒப்புக்கொண்டது. அவ்வொப்புதல் இல்லாதவிடத்து, பரிவைப் பற்றிய பாடம் கால அட்டவணையில் இடம்பெறலாம். அப்பாடத்தை நடத்துபவரின் முகத்தில் சலிப்பைக் காணும் பிள்ளை, பாடத்தையன்று, அம்முகத்தையே கற்றுக்கொள்ளும்.