பழைய ராக் சக்கர்: பிரித்துப் பூட்டிப் பார்த்ததில்

அமெரிக்காவில் வேட்டைக்கும் குறிபார்த்துச் சுடவும் போகிறவர்களில் ஒரு கூட்டம், சுட்டு முடித்த பித்தளை உறைகளைப் பொறுக்கி வந்து வீட்டிலேயே மறுபடி தோட்டாவாக்கிக்கொள்ளும். சொந்த உபயோகத்துக்கு என்றால் மத்திய அரசின் உரிமம் அங்கே தேவையில்லை, விற்பதற்கென்றால் தேவை. (இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவு இதற்கெல்லாம் உரிமம் கேட்கிறது. இதைப் படித்துவிட்டு யாரும் இங்கே கடை விரிக்க வேண்டாம்.) இந்த வேலைக்கான முக்கியக் கருவி ரீலோடிங் பிரஸ். புதிது வாங்கக் காசு கொடுப்பதைவிடப் பழையதைத் தேற்றுவது மேல் என்பது என் கட்சி. ஆனால் எல்லாப் பழையதும் தேறாது.

நான் எடுத்தது ஆர்சிபிஎஸ் நிறுவனத்தின் ராக் சக்கர். ஃபிரெட் ஹண்டிங்டன் 1943இல் கலிபோர்னியாவின் ஓரோவில் ஊரில், அப்பாவின் சலவைக் கடைப் பின்கட்டில் ஆரம்பித்த தொழில் இது. போர்க்காலத்தில் வேட்டைக்காரர்களுக்கு நல்ல குண்டு கிடைக்கவில்லை. காலியான .22 உறையையே மேலுறையாக்கிக் குண்டு அழுத்தித் தரும் டைகளை, அதாவது உருக்கு அச்சுகளை, அவர் செய்தார். ராக் சக் என்று அங்கே சொல்லப்படும் மர்மட் என்ற கொறித்துண்ணியைச் சுடத்தான் அந்தக் குண்டு. பிரஸ்ஸின் பெயரிலும் அதுவே ஒட்டிக்கொண்டது.

இயந்திரம் எளிமையானது. ‘ஓ’ வடிவத்தில் ஒரு கனத்த வார்ப்பிரும்புச் சட்டம். அதன் அடியில் ஏறி இறங்கும் ஒரு அங்குல விட்டமுள்ள உருக்குத் தண்டு, அதாவது ராம். கைப்பிடியை அழுத்தினால் ராம் மேலேறும்; அதன் தலையில் மாட்டிய ஷெல் ஹோல்டர் உறையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு டைக்குள் ஏற்றும். சுட்டபோது உப்பிய பித்தளை பழைய அளவுக்குச் சுருங்கும், டையின் நடுவிலுள்ள ஊசி பழைய பிரைமரை, அதாவது மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடியை, தள்ளிவிடும். கைப்பிடிக்கும் ராமுக்கும் நடுவே இருக்கும் இணைப்புத் தண்டுகள் நம் கைப்பலத்தைப் பல மடங்காக்கித் தருகின்றன. இந்த பிரஸ் பேர் வாங்கியதற்குக் காரணமே அந்த நெம்புகோல் அமைப்புதான்.

ஒருவர் காலமானபின் வீட்டுச் சாமான்களை மொத்தமாக விற்கும் இடத்தில் கிடைத்தது. கைப்பிடிக் குமிழ் இல்லை, புதுப் பிரைமரை அழுத்தி உட்காரவைக்கும் பிரைமர் கை இல்லை, இணைப்புப் பின்களில் ஆட்டம், மேலெல்லாம் துரு. இதில் எதுவும் பயப்பட வேண்டிய குறை இல்லை. முதலில் பார்க்க வேண்டியது இது: ராமைப் பாதி தூரம் ஏற்றிவைத்து, தலையைப் பிடித்து நான்கு பக்கமும் அசைத்துப் பாருங்கள். ராம் ஓடும் துளை வார்ப்பிரும்பிலேயே கடைந்தது. தனி புஷ் கிடையாது. அந்தத் துளை தேய்ந்துவிட்டால் உதிரி என்று எதுவும் வாங்க முடியாது. லேத் பட்டறையில் கொடுத்துத் துளையைப் பெரிதாக்கி வெண்கல புஷ் இறக்க வேண்டும். அந்தச் செலவுக்கு இன்னொரு பிரஸ்ஸே வந்துவிடும். சட்டத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்றும் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும், முக்கியமாக மேசையில் போல்ட் போடும் காலடியில். எனக்குக் கிடைத்ததில் விரிசல் இல்லை, ராமில் விரலுக்குத் தெரிகிற ஆட்டமும் இல்லை.

பிரிக்கும்போது ராமின் அடிப்பகுதியில் கரிய பசை மாதிரி ஒன்று ஒட்டியிருந்தது. பல வருஷத்துப் பிரைமர் கசடு, எண்ணெயில் குழைந்து கிடக்கிறது. இதுதான் ராமையும் துளையையும் தின்கிற எதிரி, உப்புத்தாள் போல அராவும். பிரைமர் கலவையில் ஈயச் சேர்மம் உண்டு என்பதால் மனிதனுக்கும் எதிரி. காற்றுக்குழாய் வைத்து ஊதவே கூடாது. கையுறை போட்டு ஈரத் துணியால் துடைத்தெடுத்து, அந்தத் துணியையும் தனியே கட்டிவைக்க வேண்டும். சந்துகளில் வெடிக்காத பிரைமர் ஏதும் சிக்கியிருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்வது நல்லது. ராமுக்கு எமரி தாள் போடாதீர்கள். மெல்லிய ஸ்டீல் வூலும் எண்ணெயும் போதும். துருதான் போக வேண்டும், இரும்பு போகக் கூடாது.

உதிரிக்கு வருவோம். ராக் சக்கரின் பெரிய பலம், அதன் நிறுவனம் இன்றும் இருப்பது. பாகங்களின் வரைபடம் எண்ணோடு கிடைக்கிறது. பிரைமர் கையும் அதன் ஸ்பிரிங்கும் சின்ன, பெரிய பிரைமருக்கான குச்சிகளும் ஒரே பொட்டலமாக வந்தன. ஷெல் ஹோல்டரைப் பிடித்து நிறுத்தும் வளைந்த கம்பி கிளிப் கண்ணுக்கே தெரியாத சாமான். பிரிக்கும்போது எங்காவது தெறித்து ஓடிவிடும், இரண்டாக வாங்கிவையுங்கள். இணைப்புப் பின்களைப் பூட்டும் லாக் வளையங்கள் சாதாரண இரும்புக்கடையிலேயே உண்டு. பின்களை மட்டும் நிறுவனத்திடமே வாங்குங்கள். கடையில் அகப்பட்ட போல்ட்டை வெட்டிப் போட்டால் அதன் மரை துளையை அராவிவிடும். உடைந்த பிரஸ்களைப் பிரித்து இணையத்தில் விற்பவர்களும் இருக்கிறார்கள். நான் ஒருவரிடம் வாங்கிய குமிழ் படத்தில் இருந்ததாகவே இல்லை.

பெயின்ட் அடிக்கவில்லை. பிரஸ்ஸின் பச்சை நிறத்துக்குச் சரியான ஜோடி கடையில் அமையாது, உரிந்த இடம் உரிந்தபடியே இருக்கட்டும்.

இன்னொரு நிம்மதி, அளவுகள். டை மாட்டும் துளை 7/8 அங்குலம், அங்குலத்துக்கு 14 மரை. இந்த அளவைத்தான் பெரும்பாலான நிறுவனங்கள் இன்றும் பின்பற்றுகின்றன. நேற்று வந்த டையும் இதில் ஏறும். ஷெல் ஹோல்டரும் பொது வடிவம்தான்.

பூட்டிய பிறகு .30-06 உறைகளைப் போட்டுப் பார்த்தேன். கைப்பிடி அடியைத் தொடும் இடத்தில் இணைப்பு மையம் தாண்டி ‘டக்’கென்று உட்காருவது கைக்குத் தெளிவாகத் தெரிகிறது. பழைய பின்களோடு அந்த இடம் கொழகொழவென்று இருந்தது. உறையை முழு நீளத்துக்கும் சுருக்குவதற்குக்கூட உடம்பு சாய வேண்டியதில்லை, முழங்கை போதும்.

குறைகளும் உண்டு. பிரைமர் கை எனக்குப் பிடிக்கவே இல்லை. அவ்வளவு பெரிய நெம்புகோலை வைத்துக்கொண்டு அவ்வளவு சின்னப் பொருளை அழுத்தினால், அது உட்கார்ந்ததா நசுங்கியதா என்று கைக்கு எப்படித் தெரியும்? தனியாகக் கையால் இயக்கும் பிரைமர் கருவி வாங்கிவிட்டேன். பழைய பிரைமர் விழும் பிளாஸ்டிக் தொட்டி பாதியைத் தரையில்தான் போடும். சட்டத்தின் வாய் பிற்கால சுப்ரீம் மாடலைவிடக் குட்டை. நீளமான மேக்னம் உறை வைப்பவர்கள் சுப்ரீமையே தேடட்டும்.

இதே கனத்தில் மலிவாகக் கண்ணில் படுவது மின்னசோட்டா மாநிலத்து வசீகாவில் இருந்த ஹெர்ட்டர்ஸ் கம்பெனியின் பிரஸ்கள். இரும்பு முதல் தரம். ஆனால் அந்தக் கம்பெனி எப்போதோ திவாலாகிவிட்டது, அதன் ஷெல் ஹோல்டரும் பொது வடிவத்தில் இல்லை. ஆகவே என் தீர்ப்பு: ராம் ஆடாத ராக் சக்கர் எவ்வளவு துருப்பிடித்துக் கிடந்தாலும் வாங்குங்கள். ஹெர்ட்டர்ஸை, உங்கள் தோட்டாவுக்கான ஷெல் ஹோல்டரும் கூடவே கிடைத்தால் மட்டும் வாங்குங்கள்.