சுவரில் பார்த்த பூ

முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கு மூச்சு முட்டும். பவளப்பாறையைப் பார்த்துவிட்டேன்! உயிரோடு! கடலுக்குள்ளே! பார்த்துவிட்டு வந்து இன்றோடு பதினோரு நாள் ஆகிறது. இன்னும் ராத்திரி கண்ணை மூடினால் பச்சையும் தவிட்டு நிறமுமாக அது கண்ணுக்குள் ஆடுகிறது. வீட்டில் சொல்லித் தீர்த்தாயிற்று, அலுவலகத்தில் சொல்லித் தீர்த்தாயிற்று, பால் ஊற்ற வந்த அண்ணாச்சியைக்கூட வாசலில் நிறுத்திவைத்துக் கால் மணி நேரம் சொன்னேன். இனி நீங்கள்தான் மிச்சம்.

நான் தூத்துக்குடிக்காரன். காடு பார்க்க வேண்டுமென்றால் எங்கள் ஊரில் எல்லோருக்கும் மேற்கே போகத்தான் தெரியும். சாரல் விழுந்த சேதி வந்தால் குற்றாலம், அது கூட்டமென்றால் பாபநாசத்தில் அகத்தியர் அருவி, இன்னும் தெம்பு இருந்தால் மணிமுத்தாறு, முண்டந்துறை. நானும் போயிருக்கிறேன், தலையைக் கொடுத்து நின்றிருக்கிறேன். வல்லநாட்டுக் குன்றுப் பக்கம் வெளிமான் துள்ளியதைப் பார்த்து ஒரு வாரம் அதையே பேசிக்கொண்டு திரிந்தவன் நான். ஆனால் பாருங்கள், இத்தனை வருஷமும் எங்கள் முதுகுக்குப் பின்னாலேயே, துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே ஆரம்பிக்கிறது ஒரு தேசியப் பூங்கா! மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா. தூத்துக்குடியிலிருந்து பாம்பன் வரை மாலை கோத்தது மாதிரி 21 தீவுகள், 560 சதுர கிலோமீட்டர், 1986-ல் அறிவித்தார்கள். அதைச் சுற்றி 10,500 சதுர கிலோமீட்டர் கடலை 1989-ல் உயிர்க்கோளக் காப்பகமும் ஆக்கினார்கள். வான் தீவு, காசுவாரி, காரைச்சல்லி, விலாங்குசல்லி என்று முதல் நாலும் எங்கள் ஊர்த் தீவுகள். பெயரைச் சொல்லும்போதே வாய் இனிக்கிறதா இல்லையா?

எனக்கு இந்தக் கிறுக்குப் பிடித்தது சுவரில். ஆச்சி வீடு கடற்கரைப் பக்கம் இருக்கும் பழைய வீடு. அந்தக் காலத்தில் கடலில் வெட்டிய கல்லைக் கொண்டுவந்து கட்டியது, சுண்ணாம்பும் அதே கல்லைச் சுட்டு எடுத்ததுதான். பின்கட்டில் ஓரிடத்தில் பூச்சு உதிர்ந்து கல் தெரியும். அந்தக் கல் முழுக்கப் பூ! வளையம் வளையமாக, ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் நடுவை நோக்கி ஓடும் மெல்லிய வரிகள், ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நூற்றுக்கணக்கில். பள்ளிக்கூட லீவுக்குப் போனால் ஒரு வளையம் விடாமல் விரலால் தடவிக்கொண்டே நிற்பேன். யார் இதைச் செதுக்கினார்கள் என்று ஒருமுறை மாமாவிடம் கேட்டேன். மாமா சங்கு குளிக்கிறவர், மூச்சடக்கிப் போய் அடியில் தடவி எடுத்துவருவார். அவருடைய அப்பா, என் தாத்தா, 1961-ல் நடந்த கடைசி முத்துக்குளிப்பில் பாரில் இறங்கியவர். மாமா சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஏ மருமவனே, சுவத்துல நீ பாக்கது பொணம். உசிரோட பாக்கணும்னா கீழதான் வரணும்."

நாற்பது வருஷமாக அந்த ஒரு வாக்கியம் காதுக்குள் கிடந்தது. கல்லூரியில் விலங்கியல் எடுத்ததுகூட அதனால்தான். வகுப்போடு குருசடைத் தீவுக்குச் சுற்றுலா போனார்கள், அன்றைக்கு எனக்கு அம்மை போட்டிருந்தது. அப்புறம் வேலை, கல்யாணம், பிள்ளைகள். இந்த மாசியில்தான் வாய்த்தது. தீவுகளில் நினைத்தபடி போய்க் காலை வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. ஆனால் பாம்பன் பக்கம் குந்துகாலிலிருந்து குருசடைக்கு வனத்துறையே படகில் கூட்டிப்போய்க் காட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்ட அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை.

அதிகாலை மூன்று மணிக்கு வண்டியை எடுத்தேன். பக்கத்து சீட்டில் ஒரு பெட்டி மக்ரூன், வேறென்ன, தூத்துக்குடிக்காரன் வெறுங்கையோடு எங்கும் போவதில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேம்பார், சாயல்குடி, கீழக்கரை என்று இருட்டில் ஊர்கள் வந்து போகின்றன. வலது பக்கம் கடல் இருக்கிறது, தெரியவில்லை, ஆனால் அதில் ஒவ்வொரு தீவாக என் கூடவே வருகிறது! உப்புத்தண்ணி, நல்லதண்ணி, ஆனைப்பார், வாழை, முள்ளி... தனியாக உட்கார்ந்து சத்தமாகச் சொல்லிக்கொண்டே போனேன். குந்துகால் போய்ச் சேரும்போது வெளிச்சம் வந்துவிட்டது. சிகாகோவிலிருந்து திரும்பிய விவேகானந்தர் 1897-ல் வந்து இறங்கிய கரை அது. அவரை மனசுக்குள் கும்பிட்டுவிட்டுப் படகுக்கு ஓடினேன், ஆமாம், ஓடினேன்.

அங்கே தென்புறத்துக் கடலை ஆண் கடல் என்பார்கள், வடக்கே பாக் விரிகுடாவைப் பெண் கடல் என்பார்கள். ஆண் கடலுக்குத்தான் முரட்டுக் குணம். அன்றைக்கோ தாம்பாளத்தில் ஊற்றிவைத்த மாதிரிக் கிடந்தது. கச்சான் கிளம்புவதற்கு இன்னும் நாள் இருக்கிறது, கலங்கல் இல்லை. டீசல் வாடை கொஞ்சம் தூக்கலாக இருந்தது, குறை என்று சொன்னால் அது ஒன்றுதான், அதையும் அடுத்த ஐந்து நிமிஷத்தில் மறந்துவிட்டேன். ஓரிடத்தில் படகுத் தம்பி இன்ஜினை நிறுத்தினார். சத்தம் அடங்கியது. "அண்ணே, இதுல பாருங்க" என்று ஒரு மரப்பெட்டியை எடுத்துக் கையில் கொடுத்தார். வாளி அளவுதான் இருக்கும், மேலே திறப்பு, அடியில் கண்ணாடி பதித்து ஓரமெல்லாம் தார் பூசியிருந்தது. கண்ணாடிப் பக்கத்தைத் தண்ணீரில் அழுத்தி, உள்ளே முகத்தை வைத்துப் பார்க்க வேண்டும்.

வைத்தேன்.

அய்யோ, எப்படிச் சொல்வேன்! இப்படி நினைத்துப் பாருங்கள், நீங்கள் ஒரு காட்டுக்கு மேலே பறந்துகொண்டிருக்கிறீர்கள், மேகத்தில் ஒரு ஓட்டை போட்டு அதன் வழியாக எட்டிப் பார்க்கிறீர்கள், கீழே மரமும் புதரும் பாறையும் வெயிலும் நிழலுமாக ஒரு வனம் விரிந்து கிடக்கிறது, ஆனால் அங்கே காற்றுக்குப் பதிலாகத் தண்ணீர், பறவைக்குப் பதிலாக மீன்! மான்கொம்பு மாதிரிக் கிளைவிட்ட பவளம் ஒரு பக்கம், நுனியெல்லாம் இளநீல வெளிச்சம் வைத்தது மாதிரி மினுங்குகிறது, வல்லநாட்டு வெளிமான்கள் எல்லாம் தலையைக் குனிந்து மண்ணுக்குள் நின்று கொம்பை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற மாதிரி! அதன் நடுவே மஞ்சள் சட்டை போட்ட வண்ணாத்தி மீன்கள் ஜோடி ஜோடியாக, ஒன்று போனால் ஒன்று தொடர்ந்து, கல்யாண வீட்டில் புதுமாப்பிள்ளையும் பெண்ணும் திரிகிற மாதிரித் திரிகின்றன, இந்தப் பக்கம் ஒரு கிளிமீன், பச்சையும் ரோஜா நிறமுமாக, நிஜமாகவே கிளி மூக்கு, அந்த மூக்கால் பாறையைச் சுரண்டிச் சுரண்டித் தின்கிறது, தின்ற கல்லை அரைத்துப் பின்னால் வெள்ளை மணலாக ஒரு புகை விடுகிறது, "தீவு மணல்ல இதுங்க போட்டதும் நெறய உண்டுண்ணே" என்கிறார் தம்பி, எனக்குத் தலை சுற்றுகிறது, அந்த மணலில்தான் இன்னும் அரை மணி நேரத்தில் நான் நடக்கப் போகிறேன், அதற்குள் படகு லேசாக நகர்ந்து, ஆட்டுக்கல்லை விடப் பெரிய உருண்டைப் பாறை ஒன்று கண்ணாடிக்கு நேர் கீழே வந்து நின்றது, என் மூச்சும் அதோடு நின்றது.

ஆச்சி வீட்டுச் சுவர்!

அதே வளையங்கள். அதே வரிகள். ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு அதே நெரிசல். ஆனால் சுவரில் சாம்பல் பூத்துக் கிடந்தது இங்கே நிறத்தோடு இருந்தது! ஒவ்வொரு வளையத்துக்கும் விளிம்பு தவிட்டு நிறம், நடுவில் மட்டும் பச்சை, அதுவும் எப்பேர்ப்பட்ட பச்சை, வாழைக்குருத்தைக் கிழித்து வெயிலுக்கு நேரே பிடித்தால் வருமே, அந்தப் பச்சை. ஒவ்வொரு வளையமும் ஒரு தனிப் பிராணி, நடுவில் இருக்கும் பிளவு அதன் வாய், அதற்குள் குடியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத பாசிதான் வெயிலில் சமைத்து அதற்குச் சோறு போடுகிறது, அந்த நிறத்தில் பெரும்பங்கும் அந்தப் பாசி கொடுத்ததுதான், இதையெல்லாம் நான் பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியவன், ஆனால் எழுதும்போது ஒன்றும் தெரியாமல் எழுதியிருக்கிறேன் என்று அந்த நிமிஷம்தான் தெரிந்தது. என்னை அறியாமல் கை நீண்டுவிட்டது, விரல் கண்ணாடியில் மோதியது, கண்ணாடி மேலேயே வளையம் வளையமாகத் தடவினேன், பெட்டிக்குள் என் சிரிப்பு எனக்கே எதிரொலித்தது, கன்னத்தில் வழிந்து கண்ணாடியில் சொட்டியது கடல் தண்ணீர் இல்லை. அழுதேன். ஐம்பத்திரண்டு வயது ஆள் ஒரு பெட்டிக்குள் முகத்தை விட்டுக்கொண்டு அழுதேன், அதைச் சொல்ல எனக்கு ஒரு கூச்சமும் இல்லை. இந்தக் கடலில் பவளம் மட்டும் 117 வகை எண்ணியிருக்கிறார்களாம். எனக்கு அந்த ஒரு வகையே இந்த ஜென்மத்துக்குப் போதும் போல இருந்தது. "அண்ணே, தீவுக்குப் போவோமா?" என்று தம்பி மூன்று தடவை கேட்டாராம். எனக்குக் கேட்கவில்லை.

கொஞ்சம் தள்ளி ஒரு பாறை மட்டும் வெள்ளை வெளேரென்று இருந்தது. தண்ணீர் சூடேறினால் உள்ளே இருக்கும் பாசி வெளியேறிவிடும், நிறமும் சோறும் சேர்ந்து போய்விடும். 2016-ல் இங்கே நிறையப் போயிருக்கிறது. அதற்கு முன்பு நாமே கடப்பாரையால் பெயர்த்துச் சூளைக்கும் வீட்டுக்கும் கொண்டுபோனோம். 2001-ல்தான் பவளத்தையும் புலியையும் சட்டம் ஒரே பட்டியலில் வைத்தது. அதற்குள் எங்கள் விலாங்குசல்லி தண்ணீருக்குள் போய்விட்டது, வான் தீவைக் காப்பாற்றப் பக்கத்தில் கான்கிரீட் திட்டுகள் செய்து இறக்கியிருக்கிறார்கள். ஆச்சி வீட்டுச் சுவரும் அந்தக் கணக்கில் சேர்ந்ததுதானே என்று ஒரு நிமிஷம் நெஞ்சு கனத்தது. ஆனால் அந்த வெள்ளைப் பாறையின் ஓரத்திலேயே உள்ளங்கை அகலத்துக்குப் புதிதாகத் தவிட்டு நிறம் படர்ந்திருந்ததைத் தம்பி காட்டினார். அதைப் பார்த்ததும் கைதட்டிவிட்டேன்!

தீவில் மலையேற்றம் இல்லை, அருவி இல்லை. ஆனால் அந்த நடை இருக்கிறதே! மணலில் பாதி பவளத் துண்டுகள், மிதித்தால் கண்ணாடி வளையல் மாதிரிக் கிணுகிணு என்கிறது. ஒரு துண்டை எடுத்துப் பார்த்துவிட்டு எடுத்த இடத்திலேயே வைத்தேன், ஒன்றும் கொண்டுபோகக் கூடாது, எனக்கும் மனசு வரவில்லை. தண்ணீர் வற்றியிருந்த ஓரத்தில் முழங்கால் நனையக் குனிந்து பார்த்தால் ஒரு கடல் அட்டை, வெந்த கத்தரிக்காய் மாதிரி அசையாமல் கிடக்கிறது. இன்னொரு இடத்தில் ஈர மணல் மேல் முறுக்குப் பிழிந்தது மாதிரிச் சின்னச் சுருள். அதைப் பார்த்ததும் குதித்தேன். பலனோகுளோசஸ்! புழுவுக்கும் முதுகெலும்புள்ள நமக்கும் நடுவில் உறவு சொல்லிக்கொண்டு நிற்கிற பிராணி, விலங்கியல் படித்த எவரும் படம் வரையாமல் தப்பித்ததில்லை, குருசடைக்கு உலகத்தில் பெயர் வாங்கிக் கொடுத்ததே அதுதான். ஆள் மணலுக்குள், வெளியே தள்ளிய மண் மட்டும் மேலே. அந்த மண்ணுக்கே நான் அரை மணி நேரம் காவல் இருந்தேன். திரும்பும்போது படகுக்குப் பக்கத்தில் மூன்று ஓங்கல்கள் முதுகைக் காட்டிவிட்டுப் போயின. மக்ரூன் பெட்டியைத் தம்பியிடமே கொடுத்துவிட்டேன், சாப்பிடவும் மறந்திருந்தேன்.

ஊர் வந்து சேர ராத்திரியாகிவிட்டது. வீட்டுக்குப் போகவில்லை, நேராக ஆச்சி வீட்டுக்குத்தான் வண்டியை விட்டேன். மாமா இப்போது அங்கே இருக்கிறார், எழுபத்து நாலு வயது, காது கொஞ்சம் மந்தம். பின்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போய், டார்ச்சை அடித்து, சுவரில் ஒவ்வொரு வளையமாகத் தொட்டு "இது பச்சை மாமா, இதுவும் பச்சை, ஓரம் தவிட்டு நிறம்" என்று கத்திக் கத்திச் சொன்னேன். அவர் அவசரமே படாமல் கேட்டுவிட்டுத் தன் கையை என் முகத்துக்கு நேரே நீட்டினார். அஞ்சு விரலையும் பூ மாதிரி விரித்து, மெள்ளக் குவித்து மூடினார்.

"நெழல் பட்டதும் இப்பிடி உள்ள இழுத்துக்கிடுமே, பாத்தியா?"

"இல்ல மாமா. மேல இருந்துதான் பாத்தேன்."

"அப்ப பாதிதான் பாத்துருக்க." விரல்களை மறுபடி விரித்தார். "சாயங்காலம் இருட்டுனப்புறம்தான் முழுசா மலரும். எனக்குக் கடைசியாப் பாத்து இருவது வருசம் ஆச்சி மருமவனே."

மாசி முடிவதற்குள் இன்னொரு வெள்ளிக்கிழமை இருக்கிறது. அதே மூன்று மணிக்குக் கிளம்புகிறோம், மாமா முன் சீட்டில். இருட்டும் வரை கடலில் இருக்க விடமாட்டார்கள், தெரியும். ஆனாலும் படகுத் தம்பிக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன், பெட்டி இரண்டு வேண்டும்.