தரங்கம்பாடிக் காட்சிசாலையும் பேசாத கற்களும்

தரங்கம்பாடி என்றவுடன் நம் நினைவில் எழுவது 1706-ஆம் ஆண்டு ஜூலை 9-ஆம் நாள். சீகன்பால்கும் புளூட்சோவும் கரையிறங்கிய அந்நாளை நினைவுகூர, ஆயர்களும் இறையியல் மாணாக்கரும் அவ்வூருக்குச் சென்று, டான்ஸ்பர்க் கோட்டைக் காட்சிசாலையையும் கண்டு திரும்புகின்றனர். அக்காட்சிசாலை நமக்கு எதைக் கற்பிக்கிறது, எதைக் கற்பிக்கத் தவறுகிறது என்பதை ஈண்டு ஆராய விழைகிறோம்.

முதற்கண் அதன் நன்மையைக் கூறுதல் முறை. தஞ்சை இரகுநாத நாயக்கரின் இசைவோடு டேனிஷ்காரர் 1620-இல் கட்டத் தொடங்கிய கோட்டை இது. 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டது. இன்று தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. நாணயங்கள், பீங்கான் கலங்கள், சீனத் தேயிலைச் சாடிகள், வாள்கள், பீரங்கிக் குண்டுகள், சுதையுருவங்கள், திமிங்கில எலும்பு ஆகியவை அங்கு அழியாது காக்கப்படுகின்றன. பொருள் அழிந்தால் சான்றும் அழியும். ஆதலின் இப்பணி நம் நன்றிக்கு உரியது.

ஆயினும் இப்பொருள்களுள் பெரும்பாலன கோட்டைக்குள் வாழ்ந்தோரின் கதையையே சொல்லுகின்றன. கோட்டைக்கு முன்னரே ஊர் இருந்தது. கடலோரத்து மாசிலாமணிநாதர் கோயில் 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. டேனிஷ் கம்பெனி இக்கரையை நாடி வந்தது மிளகுக்காகவும் பருத்தித் துணிக்காகவுமே. அத்துணியை நெய்தவர் யார்? அலைகடந்து கப்பலில் ஏற்றியவர் யார்? கோட்டைச் சுவரருகே வலை உலர்த்திய மீனவர் யார்? பீங்கான் கலம் இவ்வினாக்களுக்கு விடை கூறாது.

ஏழைகள் பொருள் விட்டுச் செல்வதில்லை. எஞ்சியதைத்தானே காட்ட இயலும் என்பர் சிலர். இது ஓரளவு உண்மையே. ஆனால் இல்லாததை இல்லை என்று எழுதிவைப்பதும் காட்சிசாலையின் கடமையன்றோ? நாயக்கர் டென்மார்க் அரசருக்கு விடுத்த பொன்னோலை கோபன்ஹேகனில் உள்ளது. தமிழர் எழுதிய கடிதங்கள் பல ஜெர்மனியின் ஹாலே நகரில் உள்ளன. அவற்றின் படிகளேனும் பிறந்த மண்ணில் இடம்பெறுதல் வேண்டும்.

பிறரைக் குறைகூறும் நாம் நம்மையும் சோதித்தறிதல் தகும். சீகன்பால்க் வாழ்ந்த இல்லம் 2017-இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. 1715-இல் அச்சிட்டு முடிக்கப்பெற்ற தமிழ்ப் புதிய ஏற்பாட்டையும், 1718-இல் பிரதிஷ்டை செய்யப்பெற்ற புதிய எருசலேம் ஆலயத்தையும் பெருமையோடு பேசுகிறோம். 1733-இல் குருப்பட்டம் பெற்ற ஆரோனையும் போற்றுகிறோம். ஆனால் இராஜநாயக்கனை நம்முள் எத்தனை பேர் அறிவர்? தஞ்சைப் படையில் பணியாற்றியவர். தஞ்சை நாட்டில் உபதேசியாராக உழைத்தவர். ஒடுக்கப்பட்ட குலத்திற் பிறந்தமையால், அவர் கையால் திருவிருந்து பெறப் பிற வகுப்பார் மறுப்பர் என்ற அச்சம் குறுக்கிட்டது. குருப்பட்டம் அவருக்குக் கிட்டவில்லை. ஆரோனின் பெயரைச் சொல்லி இராஜநாயக்கனின் பெயரை விட்டுவிடும் நினைவுவிழா, அரைகுறை உண்மையையே கொண்டாடுகிறது. கோட்டை அதிகாரிகள் சீகன்பால்கைச் சிறையிட்டதை நாம் மறப்பதில்லை. நம் திருச்சபையே தன் ஊழியனுக்கு இட்ட தடையை மட்டும் மறந்துவிடுகிறோம்.

யோர்தானைக் கடந்த இஸ்ரவேலர் நினைவுக்கற்களை நாட்டிய வரலாறு நாம் அறிந்ததே. அக்கற்கள் பன்னிரண்டு; கோத்திரத்துக்கு ஒன்று. தலைவர்களுக்கென ஒரு பெருங்கல் நாட்டப்படவில்லை. பிள்ளைகள் அவற்றின் பொருளைக் கேட்கும்போது பெற்றோர் விடைகூறக் கடமைப்பட்டிருந்தனர். நினைவுச்சின்னத்தின் இலக்கணம் இதுவே: எல்லாருடைய கல்லும் அங்கு இருத்தல் வேண்டும், கேட்போருக்கு விடை கூறவும் ஆள் வேண்டும்.

ஆகவே, அடுத்த முறை மாணாக்கரோடு தரங்கம்பாடி செல்லும் ஆயர்கள் கோட்டையோடு நின்றுவிடலாகாது. மீனவர் குடியிருப்புக்கும் செல்லுதல் வேண்டும். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலையில் உற்றாரை இழந்தோர் அங்கு உள்ளனர். அவர்தம் நினைவுகளைக் கேட்டு எழுதிவைத்தல் நன்று. சபைதோறும் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளையும், முதியோர் நாவில் நிற்கும் செய்திகளையும் திரட்டலாம். இதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. பொறுமையும் நேர்மையுமே தேவை. முதியோர் மறையுமுன் இதனைத் தொடங்குதல் நம் கடன்.