வேதாரண்யம்: உப்பு அள்ளியவர்களும் சோறு போட்டவர்களும்

வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகத்தைப் பற்றித் தமிழில் வரும் கட்டுரைகளை நாலைந்து சேர்த்து வாசித்துப் பாருங்கள். எல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியில் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் வீட்டிலிருந்து ராஜாஜி தலைமையில் ஏறத்தாழ நூறு தொண்டர்கள் புறப்பட்டார்கள். நாமக்கல் கவிஞர் பாட்டு எழுதிக் கொடுத்தார். வழியெங்கும் மக்கள் வரவேற்றார்கள். 28ஆம் தேதி வேதாரண்யம் சேர்ந்தார்கள். 30ஆம் தேதி அகஸ்தியம்பள்ளியில் உப்பு அள்ளி ராஜாஜி கைதானார். கடைசியில் 'தென்னாட்டுத் தண்டி' என்று ஒரு பட்டம். அவ்வளவுதான், கதை முடிஞ்சுது.

இதில் தகவல் பிழை ஒன்றும் இல்லை. என் குறையெல்லாம் நடுவில் வரும் அந்த ஒரு வரியைப் பற்றித்தான்: 'வழியெங்கும் மக்கள் வரவேற்றார்கள்.' மாலை, ஆரத்தி, மேளம் என்று ஏதோ கல்யாண ஊர்வலம் போனது போல ஒரு தோற்றத்தை இந்த வரி தந்துவிடுகிறது. உண்மையில் தஞ்சை ஜில்லாவில் அந்த இரண்டு வாரம், வரவேற்பது என்பதே குற்றம்.

அப்போது தஞ்சாவூர் கலெக்டர் ஜே.ஏ. தார்ன். சத்தியாகிரகிகளுக்குச் சாப்பாடு போட்டாலோ, தங்க இடம் கொடுத்தாலோ ஆறு மாதம் வரை சிறை, அபராதம் என்று அவர் எச்சரிக்கை விட்டார். துண்டறிக்கை, தண்டோரா என்று செய்தி ஊர் ஊராகப் போனது. கணக்கு எளிமையானது. நடப்பவர்களை வழியில் பிடித்தால் அவர்களுக்குத்தான் பேர். சோறு போடுகிறவர்களைப் பயமுறுத்தினால் நூறு பேரும் பசியில் தானாகத் திரும்பிவிடுவார்கள்.

'தென்னாட்டுத் தண்டி' என்ற பட்டம் எதை மறைக்கிறது என்பது இங்கேதான் தெரிகிறது. காந்தி 24 நாள் நடந்தபோது அரசாங்கம் பெரும்பாலும் வேடிக்கை பார்த்தது. ஏப்ரல் 6 அன்று உப்பு எடுத்தவரை மே 5 அன்றுதான் கைது செய்தது. காவிரிப் படுகையில் மோதல் உப்பளத்துக்குப் போகும் முன்பே, ஒவ்வொரு ஊர் வாசற்படியிலும் ஆரம்பமாகிவிட்டது. இங்கே சட்டத்தை முதலில் மீறியவர் உப்பு அள்ளிய தொண்டர் இல்லை. உலை வைத்த குடும்பம்.

கும்பகோணத்தில் பந்துலு ஐயர் வெளிப்படையாகவே தொண்டர்களைத் தம் வீட்டில் தங்க வைத்துச் சாப்பாடு போட்டார், சிறைக்கும் போனார். எல்லோராலும் அப்படிச் செய்ய முடியுமா? நிலமும் வரிபாக்கியும் பிள்ளைகுட்டியும் உள்ளவருக்கு ஆறு மாதம் சிறை என்றால் குடும்பமே ஆட்டம் கண்டுவிடும். அதனால் ஜனங்கள் வேறு வழி கண்டுபிடித்தார்கள். சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். எடுத்துச் சாப்பிட ஆள் உண்டு, கொடுத்தது யார் என்று சொல்ல ஆள் இல்லை. அகிம்சைப் போராட்டத்தில் இதைவிடச் சாமர்த்தியமான உத்தி எனக்குச் சட்டென்று நினைவுக்கு வரவில்லை.

ஆனால் பாருங்கள், அன்றைக்கு அவர்களைக் காப்பாற்றிய அதே பெயரின்மைதான் இன்றைக்கு அவர்களை வரலாற்றிலிருந்து வெளியே தள்ளிவிட்டது. நாம் தியாகிகள் பட்டியல் என்று அச்சிடுவது பெரும்பாலும் போலீசும் கோர்ட்டும் தயாரித்த பட்டியல். பிடிபட்டவர் பெயர் அதில் இருக்கும். பிடிபடாமல் வேலையை முடித்தவர் பெயர் எப்படி இருக்கும்? 1972இல் மத்திய அரசு தொடங்கிய தியாகிகள் ஓய்வூதியத்துக்கும் ஆறு மாதச் சிறைதான் முக்கிய அளவுகோல். தலைமறைவு, சொத்துப் பறிமுதல் போன்றவற்றுக்கு அதில் இடம் உண்டு. விடியற்காலையில் எழுந்து நூறு பேருக்குப் புளிச்சோறு கிளறிய பெண்ணுக்கு அதில் எந்தப் பிரிவும் கிடையாது.

பிடிபட்டால்தான் பெயர் நிற்கும் என்பதற்கு வேதாரண்யத்திலேயே சாட்சி உண்டு: சவரத் தொழிலாளி வைரப்பன். சவரம் செய்துகொண்டிருக்கும்போது உட்கார்ந்திருப்பவர் போலீஸ்காரர் என்று தெரிந்ததும், பாதியில் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். வழக்கு, சிறை. மீதியை முடித்துவிடச் சொன்ன மாஜிஸ்திரேட்டிடமே கத்தியை நீட்டினார் என்று ஊரில் சொல்வார்கள். அவருக்கு இன்று நினைவுத்தூண் இருக்கிறது, இருக்க வேண்டியதுதான். வழக்கு நடந்ததால் அவர் நமக்குக் கிடைத்தார்.

இதைச் சொல்லும்போது இன்னொரு பக்கம் சாயவும் கூடாது. 'தஞ்சை மண்ணே திரண்டது' என்று எழுதுவதும் அதே சோம்பேறித்தனம்தான். நூறு பேருக்கு ஒரு வேளை சோறு என்றால் நெல் இருக்கிற வீடு வேண்டும். அந்த டெல்டாவில் நெல் யாரிடம் இருந்தது, அதை விளைவித்த பண்ணையாட்கள் எங்கே நின்றார்கள் என்பது நமக்குத் தெரிந்ததுதான். மரத்தில் தொங்கிய பொட்டலம் யார் வீட்டு அரிசி, யார் சமைத்தது, இருட்டில் கொண்டுபோய்க் கட்டியது யார்? இந்த மூன்றும் ஒரே ஆளாக இருந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. இந்தக் கேள்வியைக் கேட்டால்தான் 'மக்கள்' என்ற சொல்லுக்குள் இருக்கும் படிநிலை தெரியும்.

'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்பது நம் பழமொழி. வேதாரண்யத்தில் நாம் உப்பு எடுத்தவரை நினைக்கிறோம், உப்பிட்டவரை மறந்துவிட்டோம். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி என்று அந்தப் பதினைந்து நாள் பாதையை ஊர்ப் பக்கத்திலிருந்து எழுதிப் பார்க்கலாம். தலைவர் என்ன பேசினார் என்பதோடு, அன்றிரவு அடுப்பு எரிந்த வீடுகள் எவை என்றும் குடும்பங்களில் கேட்கலாம். கேட்டுச் சொல்லும் தலைமுறை போய்க்கொண்டே இருக்கிறது.

தார்ன், எல்லாம் முடிந்தபின், தம் ஜில்லாவில் அரசாங்கத்தின் மீது மக்களுக்குப் பற்று என்று ஏதாவது இருந்திருந்தால் அது இப்போது செத்துவிட்டது என்ற பொருளில் மேலிடத்துக்கு எழுதினார். பொட்டலத்தைக் கட்டியவர்கள் யார் என்று அவருக்கும் தெரியாது. ஆனாலும் அவர்கள் செய்தது என்ன என்று அந்தக் கலெக்டருக்குப் புரிந்திருந்தது. நம் கட்டுரைகளுக்கு அந்த அளவாவது புரிய வேண்டும்.