பழியைத் தேடும் கதைகள்: முதுமையும் நம் எழுத்தும்

முதுமையைப் பற்றி நம்மவர் எழுதும் கதைகளை ஒருசேர வைத்துப் படிப்போர்க்கு ஓர் உண்மை எளிதிற் புலப்படும். முதியோர் இல்லம் என்ற சொல் எந்த இடத்தில் வருகின்றதோ அந்த இடத்திலேயே கதை முடிந்துவிடுகின்றது. வாயிற் கதவைப் பிடித்தபடி நிற்கும் தாய், திரும்பிப் பாராமற் செல்லும் மகன், அவனைப் பின்னின்று தூண்டிய மருமகள்: இம்மூவரும் இன்றி அக்கதை நடப்பதில்லை. பத்திரிகை மலர்களிலும் பட்டிமன்ற மேடைகளிலும் பாடசாலை நாடகங்களிலும் இதே மூவரே வேறு வேறு பெயர்களில் உலவுகின்றனர். வாசகர் கண்ணீர் விடுகின்றார், மகனைச் சபிக்கின்றார், புத்தகத்தை மூடிவைக்கின்றார். கதவுக்கு அப்பால் அந்தத் தாய் அன்றிரவு என்ன உண்டாள், அவளைக் குளிப்பாட்டித் துடைத்தவர் யார், அவருக்கு என்ன கூலி என்ற வினாக்கள் எழுவதே இல்லை.

இதனை வெறும் கலைக் குறைபாடாக மட்டும் நாம் கருதவில்லை. சமுதாயத்தின் பொறுப்பைத் தனிமனிதரின் குணக்கேடாக மாற்றிக் காட்டும் எழுத்து, எழுதியவரின் நோக்கம் எவ்வளவு நல்லதாயினும், உள்ளதை உள்ளபடி வைத்திருக்கவே உதவுகின்றது. ஆதலின் இதனைச் சற்று விரிவாக ஆராய்தல் வேண்டும்.

1936 இல் லக்னோவிற் கூடிய முற்போக்கு எழுத்தாளர் மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய பிரேம்சந்த், அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே ‘பூடி காகி’ என்னும் சிறுகதையை எழுதியிருந்தார். பிள்ளைகளை இழந்த கிழவி ஒருத்தி தன் சொத்து முழுவதையும் மருமகனான புத்திராமுக்கு எழுதிக்கொடுக்கின்றாள். எழுதிக்கொடுக்குமட்டும் இனிய வாக்குறுதிகள். எழுதிக்கொடுத்தபின் அரைவயிற்றுக் கஞ்சிக்கும் பஞ்சம். வீட்டில் விருந்து நடக்கும் இரவில், பசி பொறுக்காத அவள் எச்சில் இலைகளிற் கிடந்த துண்டுகளைப் பொறுக்கி உண்கின்றாள். முதுமையின் அவலத்துக்கு அடியில் ஓர் உறுதிப்பத்திரம் கிடக்கின்றது என்பதை அக்கதை தெளிவாகக் காட்டிவிடுகின்றது. சேக்ஸ்பியரின் லியர் மன்னனும் நாட்டைப் பங்கிட்டுக் கொடுத்தபின்னரே கிழவனாகின்றான் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. ஆயினும் பிரேம்சந்தின் கதையும் இறுதியில் வீட்டுக்காரியின் மனமாற்றத்திலேயே அமைதி காண்கின்றது. அவள் தட்டு நிறைய உணவு கொண்டுவருகின்றாள்; கிழவி வயிறார உண்கின்றாள். மறுநாட் காலைக்குக் கதையில் இடமில்லை. எத்தனையோ கலைஞர்கள் பிரேம்சந்திடமிருந்து அந்த உறுதிப்பத்திரத்தை எடுத்துக்கொள்ளாமல் மனமாற்றத்தை மட்டும் எடுத்துக்கொண்டமை நம் கலையுலகின் துரதிர்ஷ்டம்.

1970 இல் வெளிவந்த ‘வியட்நாம் வீடு’ திரைப்படத்தை எடுத்துக்கொள்வோம். ஓய்வுபெற்ற அதிகாரி தன் வீட்டிலேயே மதிப்பிழந்து நிற்கும் காட்சிகளில் சிவாஜி கணேசனின் நடிப்பு ஒரு தலைமுறையையே அழவைத்தது. சம்பளம் நின்றதும் மரியாதையும் நிற்கின்றது என்ற பொருளாதார உண்மை அப்படத்தின் வாயில்வரை வந்து நிற்கின்றது. ஆனால் உள்ளே நுழையுமுன் அது பிள்ளைகளின் நன்றிகேடாக உருமாறிவிடுகின்றது. அதற்குப் பதினேழு ஆண்டுகள் முன்னரே, 1953 இல், ஜப்பானிய இயக்குநர் ஓசு ‘டோக்கியோ கதை’ என்ற படத்தை ஆக்கியிருந்தார். தலைநகரில் வாழும் பிள்ளைகளைக் காண வரும் முதிய தம்பதியர்க்குப் பிள்ளைகளின் வீடுகளில் இடமும் நேரமும் இல்லை. ஆனால் அப்பிள்ளைகள் கொடியவர் அல்லர். மகன் நோயாளிகளைப் பார்க்க ஓடும் சாதாரண மருத்துவன். மகள் சிகையலங்காரக் கடை நடத்தி உழைப்பவள். குற்றவாளி என்று சுட்ட அங்கே ஒருவரும் இல்லாமையே அப்படத்தின் வலிமை. பழி சுமத்த ஆள் கிடைக்காத வாசகன்தான் ‘இஃது ஏன் இப்படி?’ என்று கேட்கத் தொடங்குகின்றான்.

இக்கேள்வியை நம் மண்ணில் நின்று கேட்போம். யாழ்ப்பாணத்திலிருந்து காங்கேசன்துறை செல்லும் வீதியிலுள்ள மருதனார்மடத்தை எடுத்துக்கொண்டால், ஒரு நூற்றாண்டின் மாற்றங்கள் அங்கே ஒருங்கே காணக்கிடைக்கின்றன. அங்குள்ள சந்தை, வலிகாமத்துச் செம்மண் தோட்டங்களின் உழைப்பிலே எழுந்தது. தோட்டமும் கிணறும் வீடும் ஒன்றாயிருந்த அக்குடும்பத்தில் கிழவனுக்கும் ஒரு வேலை இருந்தது. கிழவிக்கும் ஒரு மூலை இருந்தது. அதே மருதனார்மடத்தில் 1913 இல் பொன்னம்பலம் இராமநாதன் பெண்களுக்கெனக் கல்லூரி நிறுவினார். கல்வி கற்ற பெண் ஆசிரியையானாள், எழுதுவினைஞரானாள், மருத்துவரானாள். பிற்காலத்தில் கடல் கடந்தும் சென்றாள். பெண் கல்வியைப் போற்றி விழா எடுக்கும் அதே சமூகம், மாமியாரின் கட்டிலருகே இருபத்துநான்கு மணி நேரமும் அவள் அமர்ந்திருக்க வேண்டுமென்றும் எதிர்பார்க்கின்றது. நம் கதைகளில் மருமகள் கொடியவளாவதன் இரகசியம் இதுவே.

‘அந்தக் காலத்தில் இல்லங்களா இருந்தன? வீட்டிலே வைத்துப் பார்க்கவில்லையா?’ என்று கேட்போர் உளர். பார்த்தார்கள், ஆனால் பார்த்தவர் யார்? கூலி பெறாத மனைவியரும் மணமாகாது நின்ற மகளிரும் பார்த்தனர். வசதி படைத்த வீடுகளிலோ, மலையகத் தோட்டங்களிலிருந்து வேலைக்கெனக் கொண்டுவரப்பட்ட சிறுமியரும் குடிமை முறையாற் கட்டுண்டவர்களும் பார்த்தனர். பொற்காலம் என்று நாம் போற்றும் பராமரிப்பு இவர்களுடைய முதுகின்மேல் நின்றது. அவர்களுடைய முதுமையை யார் பார்த்தார் என்று எந்தக் கதை கேட்டது? பழைய குடும்பத்தின் சிதைவுக்காக அழும் எழுத்தாளன், அதனுள் இருந்த அடிமைத்தனத்தின் சிதைவுக்காகவும் சேர்த்தே அழுகின்றான் என்பதை உணர்தல் வேண்டும்.

இதனோடு சொத்துறவையும் சேர்த்து நோக்குவோம். ஒல்லாந்தர் ஆட்சியில் 1707 இல் தொகுக்கப்பட்ட தேசவழமை, சீதனம், முதுசம், தேடியதேட்டம் என்று குடும்பச் சொத்தை வகுத்தது. யாழ்ப்பாணத்துப் பெற்றோர் பலர் தாம் வாழும் வீட்டையே மகளுக்குச் சீதனமாக எழுதி, அம்மகளுடனேயே முதுமையைக் கழித்தனர். வீட்டுக்கு ஈடாகப் பராமரிப்பு என்பது எழுதப்படாத ஒப்பந்தம். 1983 ஜூலைக்குப் பின்னர் அவ்வொப்பந்தத்தின் ஒரு தரப்பு நாட்டைவிட்டே வெளியேறியது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமமே இடம்பெயர்ந்தபோது, நடக்கவியலாத முதியோர் சிலர் வீடுகளிலேயே பின்தங்கினர். போர் 2009 இல் முடிந்தது. பிள்ளைகள் கனடாவிலும் பிரித்தானியாவிலும் சுவிற்சர்லாந்திலும் வேரூன்றிவிட்டனர். சீதன வீடு நிற்கின்றது, சீதனம் பெற்றவள் இல்லை, கொடுத்தவர்கள் காவலிருக்கின்றனர். இதனைப் பிள்ளைகளின் நன்றிகேடு என்ற ஒரு சொல்லால் விளக்கிவிடல் இயலுமா?

2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கை மக்களில் 12.4 வீதத்தினர் அறுபது வயதைக் கடந்தவர். அதாவது எட்டில் ஒருவர். இவர்களுக்கென 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் உண்டு. பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புச் செலவு கோரி முறையிட அதில் வழி இருக்கின்றது, அது வரவேற்கத்தக்கதே. ஆனால் அச்சட்டம் பெற்றோரைப் பேணுவதைப் பிள்ளைகளின் கடமையாக முன்வைத்து, பிள்ளைகளற்ற அல்லது பிள்ளைகளாற் கைவிடப்பட்ட ஆதரவற்றோர்க்கே உறைவிடம் அளிக்கும் பொறுப்பை அரசுக்கு விதிக்கின்றது. நம் கண்ணீர்க் கதைகளும் இதையே கூறுகின்றன: பராமரிப்பது பிள்ளையின் வேலை, இல்லம் கைவிடப்பட்டோரின் இடம். சட்டமும் கதையும் ஒரே குரலிற் பேசும்போது, கைதடியில் இயங்கும் அரச முதியோர் இல்லமாயினும் சுதுமலையில் சிவபூமி அறக்கட்டளை நடத்தும் இல்லமாயினும், அங்கே சேர்வது உரிமையாகத் தோன்றாமல் அவமானமாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

அவமானத்தின் விளைவு என்ன? மௌனம். இதுவே குடும்பங்களின் அனுபவத்தில் யாரும் எழுதாத பகுதி. தாயை இல்லத்திற் சேர்த்த மகள் அயலாருக்கு அதனைச் சொல்வதில்லை. உடலில் ஒரு புண்ணைக் கண்டாலும் கேட்கத் தயங்குகின்றாள். ‘நான் பேசிவிட்டுப் போய்விடுவேன், இரவில் அம்மா அல்லவா அங்கே தனியே இருக்கவேண்டும்’ என்று அஞ்சுகின்றாள். எழுந்து நடமாட முடியாதவரை இரண்டு மணிக்கொருதரம் புரட்டிப் படுக்கவைக்காவிடின் படுக்கைப்புண் உண்டாகும் என்பது தாதியரின் அரிச்சுவடி. இரவில் ஒரு பணியாளருக்கு இருபது கட்டில்கள் என்றால் அந்த அரிச்சுவடி என்னவாகும்? இங்கே குற்றவாளி அந்தப் பணியாளரா? குறைந்த கூலிக்கு, பயிற்சியின்றி, மாற்று ஆளின்றி நிற்கும் அவளும் ஒரு கிழவியின் மகளே. வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பும் பிள்ளைக்கோ ஐந்து நிமிடக் காணொளி அழைப்பில் தாயின் முகம் மட்டும் தெரிகின்றது, முதுகு தெரிவதில்லை.

பணம் மிகுந்த நாடுகளில் இது தீர்ந்துவிட்டதென்றும் எவரும் கருதவேண்டா. கொவிட் முதலலையில் கனடாவில் இறந்தோரில் ஐந்தில் நான்கு பங்கினர் நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களில் வாழ்ந்தவர். ஒன்ராறியோவின் ஐந்து இல்லங்களுக்கு உதவச் சென்ற இராணுவத்தினர் 2020 மே மாதம் அளித்த அறிக்கை, உதவி கேட்டுக் கதறியும் ஆள் வராத நிலையையும் மாற்றப்படாத அழுக்குடைகளையும் கரப்பான் பூச்சிகளையும் பதிவு செய்தது. ஈழத்தமிழர் பெருந்தொகையாக வாழும் மாகாணம் அது. கண்ணாடிச் சன்னலுக்கு வெளியே நின்று கையசைத்த பிள்ளைகளின் துயரம் இனி எழுதப்பட வேண்டிய இலக்கியம். அதே ஆண்டு டிசெம்பரில் மருதனார்மடச் சந்தையில் தொற்றுக் கொத்தணி தோன்றிச் சந்தை மூடப்பட்டது. கடல் கடந்தும் கடல் கடவாதும் இருந்த இரு தலைமுறைகளும் ஒரே அச்சத்தில் ஒன்றுபட்ட காலம் அது.

பிரித்தானியச் சமூகவியலாளர் பீற்றர் ரவுன்சென்ட் 1962 இல் வெளியிட்ட ‘கடைசிப் புகலிடம்’ என்ற நூல் நமக்கு நல்ல பாடம். இங்கிலாந்திலும் வேல்சிலும் 173 இல்லங்களுக்குச் சென்று, முதியோரிடமும் பணியாளரிடமும் பேசி, கட்டில்களுக்கிடையே இருந்த இடைவெளியையும் நோக்கி எழுதியவர் அவர். மகன்களைத் தேடி அவர் செல்லவில்லை. நிலைமைகளைத் தேடிச் சென்றார். அத்தகைய இல்லங்களைப் படிப்படியாகக் கைவிட்டு, முதியோர் தம் வீட்டிலேயே வாழ வீட்டுச் சேவைகளைப் பெருக்க வேண்டும் என்பது அவர் கண்ட முடிவு. அம்முடிவை நாம் அப்படியே ஏற்கவேண்டியதில்லை. மறதிநோய் முற்றியவருக்கும், ஆளற்ற வீட்டில் வாழ்பவருக்கும் நல்ல இல்லம் தேவையே. நாம் ஏற்கவேண்டியது அவர் எண்ணிப் பார்த்த முறையை.

தமிழில் இதற்கு முன்னுதாரணம் இல்லாமல் இல்லை. பிரியா கிருஷ்ணசுவாமி இயக்கி, 66 ஆவது தேசிய விருதுகளிற் சிறந்த தமிழ்ப்படமாகத் தேர்வுபெற்ற ‘பாரம்’, தென்தமிழகத்தின் தலைக்கூத்தல் வழக்கத்தை எடுத்துரைத்தது. இடுப்பெலும்பு முறிந்த காவலாளி ஒருவர் வீட்டுக்குச் சுமையாகி முடிக்கப்படுகின்றார். அப்படம் கொலையை மன்னிக்கவில்லை. அதே வேளையில், சிகிச்சைச் செலவையும் வறுமையையும் ஊரின் மௌன உடன்பாட்டையும் மறைக்கவுமில்லை. கண்டனமும் விளக்கமும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதை அது மெய்ப்பித்தது.

ஆசிரியர்களிடமும் மாணவர்களிடமும் நாம் வேண்டுவது இதுதான். பிறந்தநாளுக்கும் திவச நாளுக்கும் இல்லத்துக்கு ஒருவேளைச் சோறு கொடுத்துப் படமெடுத்துத் திரும்பும் வழக்கத்தை அறம் என்று எழுதாதீர்கள். மாதந்தோறும் செல்லுங்கள், முதியோரின் சொற்களை அவர்கள் சொன்னபடியே குறித்துக்கொள்ளுங்கள், இரவுப் பணியாளரின் கூலியைக் கேளுங்கள், குடும்பங்கள் அச்சமின்றி ஒன்றுகூடிப் பேச ஓர் இடம் உண்டாக்குங்கள். இல்லங்களை ஆய்வு செய்யும் அறிக்கைகள் மக்கள் பார்வைக்கு வரவும், பராமரிப்பாளர்க்குப் பயிற்சியும் தகுந்த ஊதியமும் கிடைக்கவும், வீடு தேடி வரும் தாதியர் சேவை விரியவும் குரல் எழுப்புங்கள். அன்பு பிள்ளைகள் தரவேண்டியது. அதனை எந்த அரசும் தரமுடியாது. ஆனால் சுத்தமான படுக்கையும் வலியற்ற முதுகும் அன்பின் பிச்சையாக இருத்தல் ஆகாது. அவை குடியுரிமை. இவ்வேறுபாட்டை உணர்ந்த எழுத்தாளனின் கையில், இல்லத்தின் கதவு கதையின் முடிவாக இராமல் தொடக்கமாக அமையும்.