பூட்ஸைக் கழற்றிய பிறகு

ஒரு தேசத்தின் ரக்பி அணி தொடர்ந்து தோற்கத் தொடங்கிவிட்டால், அந்தத் தேசத்து ரசிகர்களும் பத்திரிகைகளும் நிர்வாக சபையாரும் அநேகமாக ஒரே குரலில் சொல்லும் பரிகாரம் ஒன்று உண்டு: பழைய மகாவீரர் ஒருவரை அழைத்து வந்து பயிற்சியாளர் ஸ்தானத்தில் அமர்த்துங்கள் என்பதே அது. களத்தில் நின்று ரத்தம் சிந்தி வென்றவனுக்குத்தான் வெல்லும் மார்க்கம் தெரியும் என்ற இந்த அபிப்பிராயம் கேட்ட மாத்திரத்தில் நியாயமாகவே தோன்றும். நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி முன்னோக்கி ஓடலாம், ஆனால் தோழனுக்கு வீசுவதானால் பின்னோக்கியே வீச வேண்டும் என்ற விசித்திரமான விதியின் கீழ், எண்பது நிமிஷ நேரம் மனித உடல்கள் மோதிக்கொள்ளும் இந்த ஆட்டத்தில், அந்த மோதலின் உச்சத்தை அனுபவியாதவன் எதைக் கற்பித்துவிட முடியும் என்று கேட்பவர்களை நான் குறை கூறமாட்டேன். ஆயினும் இந்த நம்பிக்கையை வரலாற்றின் உரைகல்லில் உரைத்துப் பார்த்தால், பொன்னோடு செம்பும் கலந்தே தெரிகிறது.

2008-ஆம் ஆண்டில் இங்கிலாந்து இந்தப் பரிகாரத்தையே நாடியது. முந்திய ஆண்டுதான் அணியை உலகக் கோப்பையின் இறுதி ஆட்டம் வரை அழைத்துச் சென்றிருந்த பிரையன் ஆஷ்டன், பள்ளி உபாத்தியாயராக இருந்தவர், இங்கிலாந்துக்காக ஒரு டெஸ்ட் ஆட்டம்கூட ஆடாதவர், பதவியிலிருந்து விலக்கப்பட்டார். அவர் இடத்தில், 84 டெஸ்டுகள் ஆடியவரும், 2003-இல் சிட்னியில் உலகக் கோப்பையைத் தலைக்குமேல் உயர்த்திய அணித்தலைவருமான மார்ட்டின் ஜான்சன் நியமிக்கப்பட்டார். அவருடைய வீரத்திலோ நேர்மையிலோ எவருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. ஆனால் அதுவரை அவர் எந்த அணியையும், ஒரு சிறிய கிளப்பைக்கூட, பயிற்றுவித்தவர் அல்லர். 2011-இல் ஆறு நாடுகள் போட்டியில் முதலிடம் கிடைத்தது உண்மையே. எனினும் அதே ஆண்டு நியூசிலாந்தில் நடந்த உலகக் கோப்பையில், கால் இறுதியிலேயே பிரான்ஸிடம் 12-19 என்று தோற்று அணி ஊர் திரும்ப, நவம்பரில் அவர் பதவியைத் துறந்தார். இதை ஜான்சனின் தோல்வி என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. கற்பிக்கும் தொழிலில் அரிச்சுவடி படிக்கவும் அவகாசம் கொடாமல், ஒரு நல்ல மனிதரை நேரே மகா வித்துவான்களின் சபையில் ஏற்றி உட்காரவைத்த நிர்வாகத்தின் தோல்வி அது.

ரக்பி ஆட்டம் தொழில்முறைக்கு மாறியது 1995 ஆகஸ்டில். அதன்பின் 2023 வரை நடந்த ஏழு உலகக் கோப்பைகளிலும் வென்ற தலைமைப் பயிற்சியாளர்களை எண்ணினால், தம் நாட்டுக்காக டெஸ்ட் ஆடியவர்கள் இருவரே: 2003-இல் இங்கிலாந்தின் கிளைவ் உட்வர்ட், 2019-இல் தென்னாப்பிரிக்காவின் ராஸி எராஸ்மஸ். 1999-இல் ஆஸ்திரேலியாவுக்குக் கோப்பை தேடித்தந்த ராட் மக்வீன் வியாபாரத்தில் ஊன்றியவர். 2011-இல் நியூசிலாந்தை வெற்றிபெறச் செய்த கிரஹாம் ஹென்றி, கெல்ஸ்டன் ஆண்கள் உயர்நிலைப் பள்ளியின் தலைமை ஆசிரியராக இருந்தவர். அவருக்குப் பின் 2015-இல் அதே வெற்றியைத் தொடர்ந்த ஸ்டீவ் ஹான்சன் போலீஸ் உத்தியோகம் பார்த்தவர். 2023-இல் தென்னாப்பிரிக்காவின் தலைமைப் பயிற்சியாளராக இருந்த ஜாக் நீனாபரோ, அடிபட்ட வீரர்களின் தசைகளை நீவிச் சரிசெய்யும் பிஸியோதெரபிஸ்டாகத் தொழிலைத் தொடங்கியவர். 2007-இல் பாரிஸில் நடந்த இறுதி ஆட்டத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டாகிறது. வென்ற தென்னாப்பிரிக்காவின் ஜேக் வைட்டும் பள்ளி ஆசிரியர், தோற்ற இங்கிலாந்தின் ஆஷ்டனும் பள்ளி ஆசிரியர். இருவருமே டெஸ்ட் சட்டையை அணியாதவர்கள்.

ஆனால் இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு, பெரிய ஆட்டக்காரர்கள் நல்ல பயிற்சியாளர்கள் ஆகமாட்டார்கள் என்று தீர்ப்புச் சொல்வதும் அவசரமே. ஒரு நாட்டில் ரக்பி கற்பிப்போர் ஆயிரக்கணக்கில் இருக்க, அவர்களுள் டெஸ்ட் ஆடியவர் தொகை சமுத்திரத்தில் ஒரு கைப்பிடி நீர் போன்றது. அந்தக் கைப்பிடியிலிருந்து ஏழுக்கு இருவர் வந்திருப்பது, நிதானமாகக் கணக்குப் பார்த்தால், அற்பமானது அன்று. ஆகவே, ஆடிய அனுபவம் எங்கே துணை செய்கிறது, எங்கே கைவிட்டுவிடுகிறது என்று பிரித்துப் பார்ப்பதே உசிதம்.

அது துணை செய்யும் இடங்களுள் முதன்மையானது ஸ்க்ரம். அதைச் சற்று அருகிலிருந்து பார்ப்போம். எட்டுப் பேருக்கு எதிரே எட்டுப் பேர். ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 900 கிலோ எடை. நடுவர் குனியச் சொல்கிறார், பிறகு பற்றிக்கொள்ளச் சொல்கிறார், பிறகு மோதச் சொல்கிறார். முன் வரிசையின் வலக்கோடியில் நிற்கும் டைட்ஹெட் ப்ராப்பின் தலை எதிரணியார் இருவரின் தலைகளுக்கு நடுவே புகுந்து மறைய, அவனுடைய வலக்கை எதிராளியின் சட்டையைத் தேடி இறுகப் பிடிக்க, பின்னாலிருந்து இரண்டாம் வரிசைக்காரனின் தோள் அவனை முட்டி அழுத்துகிறது. அவன் முதுகு வளைந்தால், பின்னிருந்து வரும் பலமெல்லாம் அந்த வளைவிலேயே சிதறிவிடும். இடுப்பு தோளைவிட மேலே போனால், முகம் புல்லில் புதையும். பாதத்தை நான்கு விரற்கடை பின்னே வைத்துவிட்டாலும் ஊன்றித் தள்ள உறுதி இராது. வெளியே நிற்பவனுக்கு இது ஒரு சதைக்குவியலாகத்தான் தெரியும். உள்ளே இருப்பவனுக்கோ, எதிராளியின் பிடி எந்தக் கணத்தில் தளர்கிறது என்பதுகூடக் கன்னத்தின் ஸ்பரிசத்தால் தெரியும். அர்ஜென்டினாவுக்கு 84 டெஸ்டுகள், முன் வரிசையின் நடுவே நிற்கும் ஹூக்கராக ஆடிய மரியோ லெடெஸ்மாவை 2015-இல் ஆஸ்திரேலியா ஸ்க்ரம் பயிற்சிக்கு வரவழைத்ததும், பக்கக்கோட்டிலிருந்து எறியப்படும் பந்தை எம்பிப் பிடிக்கும் லைன் அவுட்டில் நிகரற்றவராக விளங்கிய பால் ஓ'கானலிடம் 2021-இல் அயர்லாந்து தன் ஃபார்வர்ட் வீரர்களை ஒப்படைத்ததும் இந்தக் காரணத்தால்தான். இங்கேயும்கூட, 2004 முதல் 2019 வரை ஆல் பிளாக்ஸ் எனப்படும் நியூசிலாந்து அணியின் ஸ்க்ரத்தைச் செதுக்கிய மைக் க்ரான், அந்தக் கறுப்புச் சட்டையை ஒரு நாளும் ஆட்டக்காரராக அணிந்தவர் அல்லர் என்பதைச் சொல்லாமல் விட்டால் நான் உண்மையை மறைத்தவன் ஆவேன்.

அனுபவம் கைவிட்டுவிடும் இடம் வேறு. உன்னதமான ஆட்டக்காரனின் அறிவு அவன் உடம்புக்குள் இறங்கிவிட்ட அறிவு. பந்து கைக்கு வந்த அரைக் கணத்தில் எதிரணியின் வரிசையில் எந்த இடைவெளி திறக்கப்போகிறது என்பதைக் கண்டுகொள்ளும் ஃபிளை-ஹாஃபிடம், அதை எப்படிக் கண்டீர்கள் என்று கேட்டால், கண்டேன் என்பதற்குமேல் அவனால் ஒன்றும் சொல்ல முடிவதில்லை. ஊமை கண்ட கனவு அது. அவ்வளவு எளிதில் வித்தை கைவராத இரண்டாம் தர ஆட்டக்காரனோ, ஒவ்வொன்றையும் பகுத்துப் பகுத்து, ஏன், எப்படி என்று தனக்குத் தானே சொல்லிச் சொல்லிக் கற்றவன்; ஆதலால் பிறருக்குச் சொல்ல வேண்டிய வாக்கியங்கள் அவனிடம் முன்னமே தயாராக இருக்கின்றன. வாரன் காட்லண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அவரும் ஹூக்கர்தான், ஆல் பிளாக்ஸ் அணியோடு சுற்றுப்பயணம் போய் 17 ஆட்டங்கள் ஆடினார், ஆனால் அவற்றுள் ஒன்றும் டெஸ்ட் அன்று, ஏனெனில் அந்த இடத்தில் 92 டெஸ்டுகள் ஆடிய ஷான் ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற மலை நின்றது. அக்காலத்தில் காயம்பட்டாலொழிய மாற்று ஆட்டக்காரன் களத்துக்குள் கால் வைக்க விதி இடம் கொடுக்கவில்லை. உடுத்திய சட்டையோடு பெஞ்சில் உட்கார்ந்து, தன்னைவிடச் சிறந்தவன் ஆடுவதை எண்பது நிமிஷமும் பார்த்துக்கொண்டிருப்பதைப் போன்ற கசப்பான பாடசாலை வேறு இருக்க முடியாது. அங்கே பார்க்கக் கற்ற அந்த மனிதரே பிற்பாடு வேல்ஸ் அணிக்கு 2008, 2012, 2019 ஆகிய மூன்று ஆண்டுகளிலும், ஆறு நாடுகள் போட்டியின் எல்லா ஆட்டங்களையும் வெல்லும் கிராண்ட் ஸ்லாம் பட்டம் ஈட்டித் தந்தார்.

காட்லண்டுக்கு வெகு காலம் முன்னே, ஆட்டம் இன்னும் பொழுதுபோக்காகவே இருந்த நாளில், வேல்ஸ் தேசத்தில் கார்வின் ஜேம்ஸ் என்று ஒருவர் இருந்தார். இந்த விஷயத்தைப் பற்றி எண்ணும்போதெல்லாம் என் மனம் அவரிடத்திலேயே போய் நின்றுவிடுகிறது. வெல்ஷ் இலக்கியம் போதித்த ஆசிரியர். தாய்மொழியின்பால் ஆழ்ந்த பக்தி உடையவர். கடற்படைச் சேவையின்போது ரஷ்ய மொழியும் கற்றவர். ஆட்டத்தில் அவர் வகித்த இடத்தில் கிளிஃப் மார்கன் என்ற பிரசித்தர் இருந்தமையால், 1958-இல் இரண்டே டெஸ்டுகள்தாம் அவருக்கு வாய்த்தன. அந்த ஜேம்ஸ்தான் 1971-இல் பிரிட்டிஷ் லயன்ஸ் அணியைக் கூட்டிக்கொண்டு நியூசிலாந்து சென்று, நான்கு டெஸ்டுகளில் இரண்டை வென்று, ஒன்றில் தோற்று, ஒன்றைச் சமன்செய்து, அந்த மண்ணில் லயன்ஸ் அதற்கு முன்னும் பின்னும் பெறாத தொடர் வெற்றியைப் பெற்றுத் தந்தார். அடுத்த ஆண்டு அக்டோபர் 31 அன்று, அவர் பயிற்றுவித்த லனெத்லி என்னும் ஊர் அணி, ஆல் பிளாக்ஸையே 9-3 என்று வீழ்த்தியது. நல்ல ஆசிரியன் வகுப்பில் செய்வதைத்தான் அவர் மைதானத்தில் செய்தார்: தமக்குத் தெரிந்ததை ஒப்பிக்காமல், வீரர்களிடம் கேட்டார், நீ என்ன நினைக்கிறாய், உன் இடத்திலிருந்து பார்த்தால் என்ன தெரிகிறது என்று கேட்டு, அந்தப் பதிலைச் சிரத்தையோடு கேட்டுக்கொண்டார். இத்தகையவரை வேல்ஸ் தேசம் தன் சொந்த அணிக்கு ஒருநாளும் பயிற்சியாளராக ஆக்கிக்கொள்ளவில்லை என்பதை இன்று நினைத்தாலும் எனக்கு நெஞ்சு பொறுப்பதில்லை.

இனி, ஆட்டத்திலும் பயிற்சியிலும் ஒருங்கே சிறந்தவர்களைப் பார்ப்போம். 21 டெஸ்டுகள் ஆடிய உட்வர்ட், பூட்ஸைக் கழற்றிய பிறகு ஸெராக்ஸ் கம்பெனியில் உத்தியோகம் பார்த்தார், சொந்தத் தொழில் நடத்தினார், ஹென்லி என்னும் சிறிய கிளப்பிலிருந்து படிப்படியாக ஏறினார். 1997-இல் இங்கிலாந்தை ஏற்ற பின்னும், அடுத்த ஆண்டே பிரிஸ்பேனில் 76-0 என்ற மானபங்கத்தை அனுபவித்தார். 1999 உலகக் கோப்பையில் கால் இறுதியோடு நின்றார். அதற்குப் பின்னரே 2003 வந்தது. இடைவேளையில் வீரர்கள் நனைந்த சட்டையைக் களைந்து புதுச் சட்டை அணிந்தே திரும்ப வேண்டும், அப்போதுதான் மனமும் புதிதாகத் தொடங்கும் என்று அவர் ஏற்படுத்திய வழக்கம், மைதானத்தில் மட்டும் வளர்ந்த ஒருவருக்குத் தோன்றியிருக்குமா என்பது சந்தேகமே. 36 டெஸ்டுகள் ஆடிய எராஸ்மஸ், 2004-இல் சீட்டாஸ் அணியில் தொடங்கி, தென்னாப்பிரிக்க ரக்பி நிர்வாகத்திலும், அயர்லாந்தின் மன்ஸ்டர் அணியிலும் உழைத்து, பதினான்கு ஆண்டுகள் கழித்தே தேசிய அணியை ஏற்றார். பதின்மூவர் ஆடும் ரக்பி லீகில் பேரரசராக இருந்த ஆண்டி ஃபாரெல், பதினைவர் ஆட்டத்தில் இங்கிலாந்துக்கு 8 டெஸ்டுகளே ஆடியவர். பிறருக்கு உதவியாளராகவே பல ஆண்டுகள் இருந்து, 2015-இல் இங்கிலாந்து உலகக் கோப்பையில் முதல் சுற்றோடு வெளியேறியபோது வேலையையும் இழந்து, அயர்லாந்தில் மீண்டும் உதவியாளராகவே அமர்ந்து, 2019-க்குப் பின்தான் தலைமை ஸ்தானத்துக்கு வந்தார். 2023-இல் கிராண்ட் ஸ்லாம் பெற்றார், 2025-இல் லயன்ஸை ஆஸ்திரேலியாவில் 2-1 என்று தொடர் வெல்லச் செய்தார். இவர்களுக்கும் ஜான்சனுக்கும் உள்ள வித்தியாசம் வீரத்தில் இல்லை. பூட்ஸைக் கழற்றியதற்கும் அணியை ஏற்றதற்கும் நடுவே கிடந்த காலத்தில் இருக்கிறது. ஒரு பயிற்சியாளரை நியமிக்க உட்காரும் சபையார் அவர் எத்தனை டெஸ்ட் ஆடினார் என்று கேட்பதை விடுத்து, அந்த இடைக்காலத்தை எங்கே, யாருக்குக் கற்றுக்கொடுத்துக் கழித்தார், எத்தனை முறை தவறினார் என்று கேட்பார்களானால் பாதி அனர்த்தங்கள் நேரவே மாட்டா. கீர்த்திக்கும் ஒரு பயன் உண்டு; முதல் நாள் அவர் பேசும்போது வீரர்கள் தலை நிமிர்ந்து கேட்பார்கள். இரண்டாம் வாரம் முதல் அவர் சொல்லும் சொல்லுக்கே மதிப்பு.

2023 அக்டோபர் 15 அன்று பாரிஸில், பிரான்ஸுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் நடந்த கால் இறுதியின் முதல் பாதியில், உயரே வந்த பந்தைத் தம் எல்லைக்குள் பிடித்த தென்னாப்பிரிக்க வீரர் டேமியன் வில்லெம்ஸ, மார்க் என்னும் தடையற்ற உதை உரிமையைக் கேட்டார். அவ்விடத்தில் எவரும் பந்தை உதைத்துத் தொலைவில் அனுப்பி ஆபத்தைத் தீர்த்துக்கொள்வதே சம்பிரதாயம். அவரோ கைஜாடையால் ஸ்க்ரம் வேண்டும் என்றார், அரங்கம் திகைத்தது. தம் ஸ்க்ரத்தின் வலிமையில் அந்த அணிக்கு அத்தனை நிச்சயம். அந்த யுக்திகளின் பின்னால் இருந்தவர்கள் டெஸ்ட் ஆடிய எராஸ்மஸும், ஆடாத நீனாபரும். எதிர்ப்பக்கம் இருந்தவர் 64 டெஸ்டுகள் ஆடி, 2002-இல் உலகின் தலைசிறந்த வீரர் என்று கொண்டாடப்பட்ட ஃபேபியன் கால்த்தியே. முடிவு 29-28, தென்னாப்பிரிக்காவுக்கு. ஒரு புள்ளியால் எந்தச் சித்தாந்தமும் நிரூபணம் ஆகாது. ஆனால் சிகிச்சையாளரும் ஆட்டக்காரரும் கூடிச் சிந்தித்ததன் பலன் அந்த ஒரு கைஜாடையில் தெரிந்தது.

வெய்ன் ஸ்மித்தைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை நிறுத்த எனக்கு இயலவில்லை. நியூசிலாந்துக்கு 17 டெஸ்டுகள் ஆடிய ஃபிளை-ஹாஃப். இத்தாலியின் த்ரெவீஸோவில், தம் மொழி தெரியாத ஆட்டக்காரர்களுக்கு நடுவே பயிற்றுவித்துப் பழகியவர். 2000-இல் ஆல் பிளாக்ஸின் தலைமைப் பயிற்சியாளராகி, அடுத்த ஆண்டே அந்தப் பதவியை இழந்தவர். மானம் பெரிதென்று ஒதுங்காமல், 2004-இல் கிரஹாம் ஹென்றிக்கு உதவியாளராகத் திரும்பி வந்து, 2011 கோப்பை வரை அவர் பக்கத்தில் நின்றார். பிறகு 2022-இல், முந்திய ஆண்டின் ஐரோப்பியப் பயணத்தில் ஆடிய நான்கு டெஸ்டுகளையும் தோற்றுத் துவண்டிருந்த நியூசிலாந்துப் பெண்கள் அணி அவரிடம் வந்தது. இம்முறை அவருக்கு உதவியாக வந்தவர்கள் அதே ஹென்றியும், அதே மைக் க்ரானும்.

அந்த ஆண்டு நவம்பர் 12, பெண்கள் உலகக் கோப்பையின் இறுதி ஆட்டம், ஈடன் பார்க் மைதானம், 42,579 பேர். முப்பது ஆட்டங்கள் தொடர்ந்து தோல்வியறியாத இங்கிலாந்து, ஆரம்பத்திலேயே ஒரு வீராங்கனையைச் சிவப்பு அட்டைக்கு இழந்தும் தளராமல் ஆடி, 31-34 என்ற நிலையில், கடைசி வினாடிகளில் நியூசிலாந்துக் கோட்டுக்கு வெகு அருகே லைன் அவுட் பெற்றது. அன்று அதே லைன் அவுட்டிலிருந்து கூட்டமாகத் தள்ளித் தள்ளியே அவர்கள் டிரைகளைக் குவித்திருந்தார்கள். பந்தை விட்டுக்கொடுத்துவிட்டுத் தரையில் நின்று தடுக்க முயல்வதே எச்சரிக்கையான வழி. பந்து எறியப்பட்டது. கறுப்புச் சட்டையில் ஜொஆனா ங்கான்-வூ தோழியரின் கைகளில் எழும்பி, காற்றில் நீட்டிய விரல்களால் அந்தப் பந்தைத் தட்டிவிட்டாள்.