அச்சத்தின் முதற்காட்சி: பிரிட்ஸ் லாங்கின் 'எம்' குறித்துச் சில சிந்தனைகள்

அச்சம் பிறக்கும் நிலைக்களன்கள் நான்கெனத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் வகுத்துரைப்பர். தெய்வம், விலங்கு, கள்வர், தம்மை ஆளும் இறைவர் என்பன அவை. இருபதாம் நூற்றாண்டின் அச்சப் படங்களையும் மர்மப் படங்களையும் பெரும்பாலும் இந்நான்கனுள் அடக்கிவிடலாம். பேயும் சுறாவும் கொலைஞனும் அவற்றுள் எங்கேனும் ஓரிடம் பெறுவர். ஆயினும் திரையரங்கில் அமர்ந்திருப்பவனுக்கு இவற்றுள் எதனாலும் தீங்கு நேரப்போவதில்லை. அவன் அதனை நன்கறிவான், அறிந்திருந்தும் அஞ்சுகிறான். ஆகவே அவனது அச்சத்துக்கு வேறொரு நிலைக்களன் இருத்தல் வேண்டும். திரையில் உலவும் மாந்தர் அறியாத ஒன்றைத் தான் அறிந்திருத்தலே அது என்பது என் கருத்து. இவ்வறிவைப் பார்வையாளனிடம் ஒப்படைப்பதே இவ்வகைப் படங்களின் முதற்காட்சி ஆற்றும் முதன்மையான பணி. ஒப்படைத்ததன் பின்னர் அதனை இயக்குநர் எவ்வாறு பயன்கொள்கிறார் என்பதிலேயே படத்தின் தரம் தங்கியுள்ளது.

1962 இல் பிரெஞ்சு இயக்குநர் துரூபோவுடன் நிகழ்த்திய உரையாடலில் அல்பிரட் ஹிச்கொக் இவ்வறிவின் வலிமையை ஓர் எளிய எடுத்துக்காட்டினால் விளக்கினார். மேசையின் கீழே குண்டு இருப்பதை அறியாது சிலர் உரையாடிக்கொண்டிருக்கின்றனர். பார்வையாளனும் அதனை அறியாதிருப்பின், குண்டு வெடிக்கும்போது அவனுக்குக் கிட்டுவது சில விநாடித் திடுக்கீடு மட்டுமே. அவன் முன்னரே அறிந்திருப்பின், அந்த வெற்றுரையாடல் முழுவதும் அவனுக்கு வேதனையாகிவிடும்.

ஓர்சன் வெல்ஸின் 'டச் ஒஃப் ஈவில்' (1958) ஏறத்தாழ இதே எடுத்துக்காட்டைக் கொண்டே தொடங்குகிறது. நேரம் குறிக்கப்பட்ட குண்டொன்று காரின் பின்புறப் பெட்டியில் வைக்கப்படுகிறது. மெக்சிக்கோ எல்லையிலுள்ள நகரத் தெருக்களினூடே அக்கார் ஊர்ந்து செல்ல, கமரா மூன்று நிமிடங்களுக்கும் மேலாக வெட்டின்றி அதனைத் தொடர்கிறது. புதுமணத் தம்பதியர் இருவர் அக்காரின் அருகே வருவதும் விலகுவதுமாக நடக்கின்றனர். படம் முதலில் வெளியானபோது இக்காட்சியின் மீது பெயர் விபரங்களும் பின்னணி இசையும் ஏற்றப்பட்டிருந்தன. வெல்ஸ் எழுதி வைத்த நீண்ட குறிப்பைப் பின்பற்றி 1998 இல் மீளத் தொகுக்கப்பட்டபோது அவை நீக்கப்பட்டன. தெருவோர விடுதிகளின் இசையும் கார் வானொலியின் ஒலியும் மட்டுமே எஞ்சின. கண்ணுக்கு மறைந்த காரைக் காதினால் தேடும் நிலை அதனால் உண்டாயிற்று. திறமை வாய்ந்த காட்சி என்பதில் ஐயமில்லை. ஆயினும் குண்டு வெடித்ததும் பார்வையாளனின் சுமை இறங்கிவிடுகிறது. வாங்கிய கடன் மூன்று நிமிடத்தில் அடைக்கப்பட்டுவிட்டது. அதன்பின் எழுவது வேறொரு கதை.

பிணத்தோடு தொடங்கும் படங்களில் இச்சுமைகூட இல்லை. எஸ். பாலச்சந்தரின் 'அந்த நாள்' (1954) தொடங்கிய சில கணங்களிலேயே சிவாஜி கணேசன் ஏற்ற ராஜன் என்னும் பாத்திரம் சுட்டுக் கொல்லப்படுகிறது. பாடலின்றித் தமிழ்ப்படம் எடுத்த துணிவுக்கு நிகரானது, நட்சத்திர நடிகரை முதற்காட்சியிலேயே வீழ்த்திய துணிவு. எனினும் இங்கு பொலிசாரும் பார்வையாளனும் ஒரே அறியாமையில் நிற்கின்றனர். கொன்றவர் யார் என்ற வினா மூளையை உழைக்கச் செய்கிறதேயன்றி நெஞ்சை நடுங்கச் செய்வதில்லை.

அறிவையே அச்சமாக்கி, அதனைப் படத்தின் இறுதிவரை இறக்கி வைக்கவிடாத முதற்காட்சிக்கு 1931 ஆம் ஆண்டுக்குச் செல்லுதல் வேண்டும். ஜேர்மனியில் பிரிட்ஸ் லாங் எடுத்த 'எம்' அவரது முதற் பேசும்படம். ஒலி வந்துவிட்டதென்ற களிப்பில் பலர் திரையைப் பேச்சினால் நிரப்பிக்கொண்டிருந்த காலத்தில், அவர் இருண்ட திரையில் ஒரு குழந்தையின் குரலை மட்டும் முதலில் கேட்கச் செய்தார். தொடர்மாடி முற்றமொன்றில் சிறுவர்கள் வட்டமாக நின்று விளையாடுகின்றனர். கொலைகாரன் ஒருவனைப் பற்றிய பாட்டுக்கேற்ப ஒவ்வொருவராக வட்டத்தினின்றும் விலக்கப்படுகின்றனர். சலவைக் கூடையுடன் வரும் பெண்ணொருத்தி அப்பாட்டை நிறுத்தும்படி அதட்டுகிறாள். அவள் மறைந்ததும் பாட்டு மீண்டும் எழுகிறது. மாடியில் துணி துவைத்துக்கொண்டிருக்கும் திருமதி பெக்மனோ அதனைப் பொருட்படுத்தவில்லை. பாட்டுக் கேட்கும்வரை பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள் என்பதாவது தெரிகிறதே என்பது அவளது ஆறுதல்.

இவ்வொரு கூற்றினால் லாங் முழுக்காட்சிக்கும் இலக்கணம் வகுத்துவிடுகிறார். ஒலி உண்டெனில் உயிர் உண்டு. ஒலி அற்றால் உயிரும் அற்றது.

கடிகாரம் நண்பகலை அறிவிக்கிறது. தாய் புன்முறுவலுடன் கைகளைத் துடைத்துக்கொண்டு மேசையில் தட்டு வைக்கிறாள். பாடசாலை விட்டு வரும் மகள் எல்சி தெருவோரத் தூணொன்றில் பந்தை எறிந்து விளையாடுகிறாள். அத்தூணில் ஒட்டப்பட்டிருப்பது, குழந்தைகளைக் கொன்றவனைப் பிடித்துத் தருவோருக்குப் பத்தாயிரம் மார்க் பரிசு எனக் கூறும் அறிவித்தல். பந்து அறிவித்தலின் மீதே பட்டு மீள்கிறது. சிறுமி அதனை வாசிக்கவில்லை, நாம் வாசிக்கிறோம். அந்த எழுத்துகளின் மீது தொப்பியணிந்த ஒருவனின் நிழல் குனிந்து, பந்தின் அழகை வியந்து, அவளது பெயரைக் கேட்கிறது. அவனது முகம் நமக்குக் காட்டப்படவில்லை. பின்னர் அவன் கண்பார்வையற்ற வியாபாரி ஒருவரிடம் பலூன் வாங்கிக் கொடுத்தவாறே, கிரீக் இயற்றிய இசையின் ஒரு துண்டைச் சீழ்க்கையடிக்கிறான்.

வீட்டிலோ தாய் காத்திருக்கிறாள். படிகளில் காலடி கேட்கிறது; வந்தவர்கள் அயல்வீட்டுப் பிள்ளைகள். அடுத்துக் கதவு மணி ஒலிக்கிறது. வந்தவன் தொடர்கதைப் பிரதிகளை வீடுவீடாக விற்பவன். பரபரப்பூட்டும் புதிய அத்தியாயத்தைக் கொண்டுவந்திருக்கிறான். தாய் அதனை வாங்கிக்கொண்டு, மகளைக் கண்டாயா என வினவுகிறாள். விமர்சகர்கள் இவ்விற்பனையாளன்மீது போதிய கவனம் செலுத்தவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. நுழைவுச்சீட்டு வாங்கி உட்கார்ந்திருக்கும் நாமும் அத்தகைய பரபரப்பு அத்தியாயம் ஒன்றையே விலைகொடுத்துப் பெற்றவர்கள். கற்பனைக் கொலையை வாங்கும் கையும் உண்மைக் குழந்தையைத் தேடும் கண்ணும் ஒரே வாசலில் சந்திக்கின்றன. லாங் இதனை விளக்கி ஒரு சொல்லும் சொல்லவில்லை. விற்பவன் படியிறங்கிப் போய்விடுகிறான்.

பின்னர் தாய் மகளின் பெயரைக் கூவுகிறாள். அக்குரலின்மேல் ஆளில்லாத காட்சிகள் தொடர்கின்றன: வெறுமையான மாடிப்படி, துணிகள் உலரும் பரண், உண்ணப்படாத தட்டு. குரல் அடங்கியபின் புதரிலிருந்து பந்து உருண்டு வந்து நிற்கிறது. பலூன் தந்திக் கம்பிகளிற் சிக்கி, விடுபட்டு, காற்றோடு போகிறது. கொலை காட்டப்படவேயில்லை. ஒரு துளி இரத்தமும் இல்லை. அக்கொலையைச் செய்துமுடிக்கவேண்டிய பொறுப்பு நமது கற்பனையின்மேல் விழுகிறது. ஒவ்வொருவரும் தத்தம் மனத்தின் கொடுமைக்கேற்ப அதனைச் செய்துமுடிக்கிறோம்.

கொலைப் படங்கள் பல்கலைக்கழகத்தார் பொழுதுக்கு உரியனவல்ல என்போர் உளர். பார்வையாளனைக் கொலையின் சுவைஞனாக மட்டும் ஆக்கும் படங்களைப் பொறுத்தவரை அவர்தம் கூற்றை நான் மறுக்கமாட்டேன். ஜோன் கார்பென்டரின் 'ஹலோவீன்' (1978) இங்கு கருதத்தக்கது. அதன் முதற்காட்சியில் கமராவே கொலைஞனின் கண்ணாகிறது. அக்கண்ணினூடாகவே நாம் வீட்டினுட் புகுந்து, கத்தியெடுத்து, முகமூடி அணிந்து, ஓர் இளம்பெண் குத்தப்படுவதைக் காண்கிறோம். வெளியே வந்ததும் பெற்றோர் முகமூடியைக் கழற்ற, கமரா வெளிநின்று ஆறு வயதுச் சிறுவனைக் காட்டுகிறது. எவருடைய கண்ணை இரவல் வாங்கினோம் என்பதை அப்போதுதான் அறிகிறோம். அதிர்ச்சி உண்மையானதே. ஆனால் லாங் நமக்கு அறிவைத் தந்து கண்ணை மறைத்தார். கார்பென்டர் கண்ணைத் தந்து அறிவை மறைக்கிறார். பின்வந்த எத்தனையோ படங்கள் அவ்விரவற் கண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு, அதற்கு விடையிறுக்கவேண்டிய முகத்தை விட்டுவிட்டன. மைக்கல் பவலின் 'பீப்பிங் டொம்' (1960) இதே கண்ணைக் கொண்டு தொடங்கினும், தான் படம்பிடித்த கொலையைக் கொலைஞன் தன் அறையிற் திரையிட்டுப் பார்ப்பதையும் உடனடியாகக் காட்டிப் பார்வையாளனை அவனருகே இருத்திவிடுகிறது. அதற்காகப் பவல் பிரித்தானிய விமர்சகர்களிடம் பட்ட அடி சிறிதன்று.

'எம்' படத்தின் முதற்காட்சியில் நாம் பெற்ற அறிவு பின்னர் எங்கே சேர்கிறது? பொலிசார் நகரைச் சல்லடையிடுகின்றனர். களவுத் தொழிலுக்கு இடையூறு நேர்வதால் கள்வர் கூட்டமும் தேடுகிறது. கண்ணுள்ளோர் எவரும் அவனைக் காணவில்லை. அவனது சீழ்க்கையைக் கேட்டு இனங்காண்பவர், அன்று எல்சிக்குப் பலூன் விற்ற கண்பார்வையற்ற வியாபாரியே. அதுவரை நாம் தனித்துச் சுமந்ததை அவர் காதினாற் பெற்றுக்கொள்கிறார். இறுதியிற் கள்வர்களே நீதிமன்றம் அமைத்து, பிடிபட்டவனைக் கொல்லவேண்டும் எனக் கூச்சலிடுகின்றனர். தன்னால் தன்னை அடக்க இயலவில்லை என அவன் கதறும்போது, முதற்காட்சியில் அக்கொலையைத் தன் மனத்தில் நிகழ்த்திப் பார்த்தவனும் அக்கூட்டத்தோடு அமர்ந்திருக்கிறான். பொலிசார் வந்து அவனைச் சட்டத்தின் முன் நிறுத்துகின்றனர். நீதிபதிகள் ஆசனத்தில் அமர்கின்றனர். தீர்ப்பு என்னவென்று படம் கூறவில்லை. கறுப்பாடை அணிந்த தாய்மாரின் முகங்களைக் காட்டி முடிந்துவிடுகிறது. அவர்களுள் ஒருத்தி, மேசையில் தட்டு வைத்துக் காத்திருந்த அதே திருமதி பெக்மன்.